பி.ஏ. சமூகவியல் மாணவர்களுக்குத் தரவுப் பகுப்பாய்வை எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது? எஸ்பிஎஸ்எஸ் (புள்ளிவிவர மென்பொருள்) முதலிலேயே வேண்டுமா?

வேண்டாம். பட்டனை அமுக்கினால் பக்கம் பக்கமாக அட்டவணை கொட்டும். எதைப் படிப்பதென்று தெரியாத பிள்ளைகள் கடைசி அட்டவணையை அப்படியே ப்ராஜெக்டில் ஒட்டிவிடுவார்கள். முதல் சில வாரங்களுக்கு இரண்டு மாறிகள் (கல்வி, வயது போல ஆளுக்கு ஆள் மாறும் விவரங்கள்) கொண்ட குறுக்கு அட்டவணையும் கால்குலேட்டரும் போதும்.

பெரும்பாலானோர் சறுக்குவது சதவீதத்தின் திசையில்தான். போர்டில் ஒரு கற்பனைக் கணக்கு போடுங்கள். பட்டதாரிகள் 100 பேர், மற்றவர்கள் 400 பேர். தினமும் செய்தித்தாள் படிப்பவர்கள் முறையே 70, 140. அதாவது பட்டதாரிகளில் 70%, மற்றவர்களில் 35%. சதவீதத்தைக் குறுக்கு வாக்கில் போட்டவரோ, படிக்கும் 210 பேரில் பட்டதாரிகள் 70 என்று பார்த்துவிட்டு, ‘பட்டதாரிகளில் 33% பேர்தான் படிக்கிறார்கள்’ என்று எழுதுவார். கணக்கு சரி, வாக்கியம் தப்பு. சாரா மாறியை (காரணம் என்று நாம் கருதுவது; இங்கே கல்வி) மேலே வைத்து, ஒவ்வொரு நெடுவரிசையும் 100 ஆகும்படி போட்டு, பக்கவாட்டில் ஒப்பிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ‘யாரில் இத்தனை சதவீதம்?’ என்று முழு வாக்கியம் எழுத வையுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அதற்கே கொடுக்கலாம்.

அடுத்து நிஜத் தரவு. அமெரிக்காவில் 1972 முதல் நடக்கும் ஜெனரல் சோஷியல் சர்வே என்ற மக்கள் கருத்தாய்வின் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. அதன் மகிழ்ச்சிக் கேள்வியில் 1 என்றால் ‘மிகவும் மகிழ்ச்சி’, 3 என்றால் ‘அவ்வளவாக இல்லை’. எண் கூடினால் மகிழ்ச்சி குறைகிறது! எந்த எண்ணுக்கு எந்தப் பதில் என்று சொல்லும் கோட்புக்கைப் பார்க்காதவரின் முடிவு தலைகீழாகத்தான் வரும். எல்லாக் கேள்வியும் எல்லாரிடமும் கேட்கப்படுவதில்லை என்பதால், ‘கேட்கப்படவில்லை’ என்ற குறியீட்டை நீக்கிவிட்டுத்தான் சதவீதம் போட வேண்டும். எல்லா ஆண்டுகளையும் சேர்த்த கோப்பில் 70,000-க்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். அத்தனை பேரை வைத்தால் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தைக்கூட கை-ஸ்கொயர் (வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் சோதனை) ‘முக்கியம்’, அதாவது தற்செயல் அல்ல, என்று சொல்லிவிடும். ஒரே ஆண்டை எடுங்கள்; சதவீத வித்தியாசத்தை முதலில் பாருங்கள்.

மூன்றாவது மாறியைக் கொண்டுவரும்போது கட்டங்கள் வற்றிவிடும். 100 பட்டதாரிகளை ஆண்-பெண், மூன்று வயதுப் பிரிவு என்று உடைத்தால் கட்டத்துக்குச் சராசரி 16, 17 பேர்தான். ஒருவர் பதிலை மாற்றினாலே 6 புள்ளி நகரும்.

நம் நாட்டில் மாணவர்கள் எளிதில் எடுப்பது சென்சஸின் மாவட்ட அட்டவணை. அதிலிருந்து தனிமனிதரைப் பற்றி முடிவு கட்ட விடாதீர்கள். 1930 அமெரிக்க சென்சஸை வைத்து சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950-இல் காட்டியது இதுதான்: வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு (தொடர்புக் கெழு −0.53; கழித்தல் குறி என்றால் ஒன்று கூட மற்றது குறைகிறது, கூட்டல் குறி என்றால் இரண்டும் சேர்ந்து கூடுகின்றன). ஆள்வாரியாகப் பார்த்தால் அவர்களிடையே எழுத்தறிவின்மை சற்று அதிகம் (+0.12). குடியேறியவர்கள், ஏற்கெனவே படித்தவர்கள் அதிகமிருந்த மாநிலங்களில் போய்த் தங்கியதே காரணம்.