எழுத்தா, வரியுருவா, இலக்கமா?

வணக்கம் அண்ணா. எஸ்எம்எஸ் அனுப்புற ஒரு சொஃப்ட்வேருக்குத் தமிழ்க் கையேடு எழுதுறன். 'கரெக்டர்' எண்டதுக்கு எழுத்து போடவா, வரியுரு போடவா? நம்பருக்கு எண்ணா, இலக்கமா? பழைய தமிழ் இலக்கங்களையும் போட்டா வடிவா இருக்குமா?
ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

தம்பி,

கடைசிக் கேள்வியை முதல்ல தூக்கிப் போடும். ௧ எண்டு போட்டா சனம் அதைக் க எண்டுதான் வாசிக்கும். வேலை மினக்கேடு.

முதல் கேள்வி லேசு. 'கொழும்பு' எண்டதை எண்ணிப் பாரும். கொ, ழு, ம், பு, நாலு எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறிச்சு வைக்கிற யுனிகோட் முறையில உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம், அதால அதே சொல் 8 வரியுரு. ஒரு இங்கிலிஸ் எஸ்எம்எஸ்சுக்கு 160 வரியுரு, தமிழுக்கு 70தான். "70 எழுத்து" எண்டு எழுதினீர் எண்டா பாவிக்கிற சனம் விரல்விட்டு எண்ணிப்போட்டு உம்மைத்தான் திட்டும்.

எண்ணா இலக்கமா எண்டு போற போக்கில கேட்டிருக்கிறீர், எனக்கு அம்மாதான் ஞாபகம் வந்தா. எண்கணிதம் படிப்பிச்ச ரீச்சர். பென்சன் அலுவலா வெள்ளவத்தையில பஸ் ஏறி ஒரு ஒஃபிசுக்குப் போனவ. போர்மில பத்துப் பெட்டி, மேல "அடையாள அட்டை இலக்கம், 10 இலக்கங்களையும் நிரப்பவும்". அவவின்ர பழைய ஐசியில 9 இலக்கம், பிறகு ஒரு இங்கிலிஸ் வி. இலக்கம் எண்டா 0 முதல் 9 வரை எண்டு காலம் பூரா பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்த மனுசி வி-யை எப்பிடி எழுதுவா, விட்டிட்டா, ஒரு பெட்டி மிஞ்சிப்போச்சு, முன்னால சைபர் போட்டாப் பெறுமதி மாறாதுதானே எண்டு முதல் பெட்டியில 0 போட்டு நேர்த்தியா நிரப்பிக் குடுத்திருக்கிறா. கவுண்டரில இருந்த பெடியன் சிவப்புப் பேனையால குறுக்கக் கோடு இழுத்து, "அம்மா, உங்கட நம்பரே உங்களுக்குத் தெரியாதா?" எண்டிட்டான். அண்டைக்கு வீட்ட வந்து சாப்பிடேல்ல.

அம்மாவில பிழையில்ல, பெடியனிலயும் பெரிசா இல்ல. முழு நம்பரும் இலக்கம், அதுக்குள்ள இருக்கிற ஒவ்வொண்டும் இலக்கம், கேற்றில இருக்கிற "இல."வும் இலக்கம். கூட்டிக் கழிக்கிறதுதான் தம்பி எண். ஐசி நம்பரை ஆரும் கூட்டுறேல்ல, அது பேர் மாதிரி, முன்னால ஒண்டைச் சேர்த்தா வேற ஆள். 077ல முன் சைபரை எக்செல் தின்னுறதும் இதே கூத்துத்தான், ஃபோன் நம்பரை அது கணக்கெண்டு நினைக்குது. 2016ல வந்த புதுக் கார்ட்டில பன்ரண்டுமே இலக்கம்தான், ஆனா பழசு இன்னும் எத்தினை பேரின்ர பேர்ஸில கிடக்கு.

அதால வெக்கப்படாம நம்பர் எண்டே எழுதும். "பழைய ஐசி நம்பர்: 9 இலக்கம், கடைசியில வி அல்லது எக்ஸ்." தமிழைக் கெடுக்கிறீர் எண்டு ஆரும் வந்தா என்னட்ட அனுப்பும்.

அந்தப் பக்கத்தை அச்சுக்குக் குடுக்க முன்னம் எனக்கு ஒருக்காக் காட்டும். பெட்டி கீறியிருந்தாப் பெட்டியோட.