எல் நினோ வருடத்தில் சம்பா விதைக்கலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறேன். இது எல் நினோ வருடம், 2016 மாதிரி வறட்சி வரும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நேரடி விதைப்பாக சம்பா போடலாமா, நிலத்தைச் சும்மா விடலாமா? டிவியில் மழை என்று சொன்னாலும் எங்கள் ஊரில் பெய்வதில்லையே?

பதில்: ஐயா, நிலத்தைச் சும்மா விட வேண்டாம். 2016-ஐ நினைத்துப் பயப்படுவது புரிகிறது. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. எல் நினோ என்றால் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது. ஆனால் அப்போது எல் நினோ இல்லை, அது முடிந்து பசிபிக் கடல் குளிர்ந்துகொண்டிருந்தது. எல் நினோ உச்சத்தில் இருந்தது 2015-ல். அந்த டிசம்பரில்தான் சென்னை மூழ்கியது. 2023-ம் எல் நினோ வருடம்தான், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. பொதுவாக எல் நினோ நம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சாதகம். அதற்காக உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு நேர்மாறாகக் கடல் குளிரும் லா நினா இருந்த 2021-லும் நல்ல மழை.

உங்களுக்கு உண்மையான ஆபத்து ஆற்றில் இருக்கிறது. எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை சோர்ந்துவிடும் வாய்ப்பு அதிகம். குடகிலும் கர்நாடகத்திலும் மழை குறைந்தால் மேட்டூருக்குத் தண்ணீர் வராது. 2023-ல் அதுதான் நடந்தது: குறுவை காய்ந்தது, அக்டோபரிலேயே அணையை மூடிவிட்டார்கள். 2016-ல் ஆறும் கைவிட்டது, வானமும் கைவிட்டது. அதனால் டிவியில் எல் நினோ என்று கேட்டதும், ஆகஸ்ட் கடைசியில் மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். முடிவு அதில் இருக்கிறது.

அணை நன்றாக இருந்தால் தாழ்வான வயலில் சி.ஆர். 1009 சப் 1 நெல் ரகம் போடுங்கள், சில நாள் மூழ்கினாலும் தாங்கும். ஆனால் அது 155 நாளுக்கு மேல் நிற்கிற பயிர், கடைசித் தண்ணீருக்கு ஆற்றை நம்ப வேண்டியிருக்கும். அணை இறங்கியிருந்தால் 130 நாள் வயதுள்ள டி.கே.எம். 13 மாதிரி ரகத்துக்கு மாறிவிடுங்கள். காய்ந்த மண்ணிலேயே விதைக்கும் புழுதி விதைப்பாகச் செய்தால் முதல் மழையிலேயே முளைத்துவிடும், ஆற்றுத் தண்ணீருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

டிவி மழை விஷயத்துக்கு வருகிறேன். "ஓரிரு இடங்களில்" என்று வானிலை மையம் சொன்னால், அந்தப் பகுதியில் நான்கில் ஒரு பங்கு இடத்துக்கு மேல் மழை இருக்காது என்று அர்த்தம். மீதி முக்கால்வாசி ஊரில் உங்கள் ஊரும் இருக்கலாம். அந்த வார்த்தையைக் கேட்டு உரம் போடுவதை நிறுத்த வேண்டாம். "பெரும்பாலான இடங்களில்", "கனமழை" என்று வந்தால் யூரியாவைக் கையில் எடுக்காதீர்கள், வடிகாலை வெட்டி விடுங்கள். கனமழை என்றால் ஒரு நாளில் ஆறரை செ.மீ.க்கு மேல்; அவ்வளவு மழை ஏக்கருக்கு இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் வந்து விழும். செவ்வாய், வெள்ளியில் வரும் வேளாண் வானிலை அறிக்கையை மேகதூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். ஐந்து நாளுக்குள் செய்யும் வேலைக்கு அதை நம்புங்கள். பருவ முன்னறிவிப்பை ரகம் தேர்வு செய்ய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடையில் ஒரு எச்சரிக்கை. கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்ற பழமொழியை நம்பி, முற்றிய கதிரை வயலில் நிறுத்தி வைக்காதீர்கள். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் பெய்த மழையில் டெல்டாவில் அறுக்க இருந்த சம்பா சாய்ந்து, நெல் வயலிலேயே முளைத்தது. அறுவடை இயந்திரத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம் பயிர்க் காப்பீடு. காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான் உங்கள் பங்கு. சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் நடுவில் கடைசித் தேதி வரும், கூட்டமும் அப்போதுதான். விதைத்ததுமே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (என்ன பயிர் என்று காட்டும் பதிவு) வாங்கி, அக்டோபரிலேயே கட்டிவிடுங்கள்.