கடவுள் கேட்டபடி ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிடக் கூட்டிப் போனபோது தாய் சாராள் எங்கே இருந்தாள்?

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 22-ஆம் அதிகாரத்தில் அவள் பெயரே வராது. ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து, கழுதைக்குச் சேணம் கட்டி, விறகு பிளந்துகொண்டு மகனோடு மோரியாவுக்குக் கிளம்புகிறார். பெற்றவளிடம் சொன்னாரா? ஒரு வரிகூடக் கிடையாது. அடுத்த அதிகாரம் தொடங்கியதும் 127 வயதில் எபிரோனில் அவள் இறந்துவிடுகிறாள்.

இந்த இரண்டும் ஏன் அடுத்தடுத்து நிற்கின்றன என்று யூத மத ஆசான்களான ரபிகள் கேட்டார்கள். மித்ராஷ் என்னும் விளக்க மரபு அப்படிப்பட்ட கேள்விகளில்தான் வளர்ந்தது. பைபிளின் இன்னொரு நூலான லேவியராகமத்துக்கான பழைய மித்ராஷில், பலியாகாமல் திரும்பி வந்த ஈசாக்கு நடந்ததைச் சொல்கிறான். சாராள் ஆறு முறை அலறி உயிர்விடுகிறாள். அந்த அலறல்களை, யூதப் புத்தாண்டில் ஊதும் கொம்பின் ஆறு ஒலிகளோடு இணைக்கிறார்கள். மூலம் பறித்த குரலை அவளுக்குத் திருப்பித் தந்த விளக்கம் இது என்றே நான் வாசிக்கிறேன்.

ஆதியாகமம் 22:19-ஐயும் பாருங்கள்: மலையிலிருந்து ஆபிரகாம் திரும்பினார் என்றுதான் இருக்கிறது, ஈசாக்கின் பெயர் அங்கே இல்லை.