பழைய ஸ்லிங்பொக்ஸ் வாங்க வேண்டாம்

அண்ணை, கோப்பாய் வீட்டு டிஷ் சனல்களைக் கொழும்பில் நிற்கும்போது லப்டொப்பில் பார்க்க, வீட்டு டிவி படத்தை இணையம் வழியாக வெளியூருக்கு அனுப்பும் பெட்டியான ஸ்லிங்பொக்ஸைப் பழையதாக வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதன் சேர்வர்களை 2022 நவம்பர் 9 அன்றே நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பதிலாக, வீட்டில் பழைய கணினி இருந்தால், டிஷ் பெட்டியின் படத்தைக் கணினிக்குள் எடுக்கும் ஒரு கப்சர் கார்ட் பூட்டலாம். எச்டிஎம்ஐ வயரில் படம் கறுப்பாக வந்தால் அது நகல் தடுப்பு. அப்போது மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் ஏற்கும் கார்ட்தான் வேண்டும். படம் கொஞ்சம் மங்கல், ஆனால் செய்தி பார்க்கத் தாராளம். சனல் மாற்ற, ரிமோட் போல சிக்னல் அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் வீட்டு லைனின் அப்லோட் வேகம், அதாவது வீட்டிலிருந்து படத்தை வெளியே அனுப்பும் வேகம். டவுன்லோடைப் பார்த்து ஏமாறாதீர்கள். மங்கல் படத்துக்கே 2 எம்பிபிஎஸ் அளவில் இருந்தால்தான் நிம்மதி. 4ஜி ரவுட்டர் என்றால் வெளியிலிருந்து நேரே இணைய விடாமலும் போகலாம். வீட்டுக் கணினியிலும் லப்டொப்பிலும், இரண்டையும் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் மென்பொருளைப் போடுங்கள், சரிவரும். அப்புறம், கரண்ட் போய் வந்தால் கணினி தானாகவே எழும்பும்படி பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.