வண்டி கேள்வி பதில்: டர்போவும் காத்து ஃபில்டரும்

கேள்வி: அண்ணா, என் மச்சான் கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பக்கம் ஒரு லாட்ஜ்ல வேலை பாக்குறான். அங்க பனி மேல ஓட்டுற ஸ்னோமொபைல்ல டர்போ வச்ச டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்னு இருக்காம். புதுசா விழுந்த பனில போனா கொஞ்ச நேரத்துல இழுவை செத்துடுது, நிறுத்தி பனிய தட்டிவிட்டு கிளப்புனா சரியா போகுதுங்கிறான். ஃபில்டரை கழட்டி எறிஞ்சிட்டு பெரிய பைப்பா போடுன்னு ஒருத்தர் சொன்னாராம். போடலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மாங்கா லோடு வண்டி பத்தி கேக்கற ஊர்ல இருந்து பனி வண்டி கேள்வி வருது, சந்தோஷம்ங்க. மொதல்ல மச்சான் கிட்ட சொல்லுங்க, அந்த பைப் யோசனைய இப்பவே விட்டுடச்சொல்லி. தட்டிவிட்டா சரியாகுதுன்னு அவரே சொல்றாரே, அப்போ பைப் சின்னதுங்கறது இல்ல பிரச்சனை, காத்து இழுக்கற வாய்ல பனி அடைக்குது, அவ்ளோதான்.

டர்போங்கறது காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ற விசிறி, அந்த வண்டில அது எதுக்குன்னா உயரத்துக்காக. ஓசூரே கிட்டத்தட்ட 900 மீட்டர், அங்கயே காத்தழுத்தம் சென்னைய விட பத்துல ஒரு பங்கு கம்மி. 8,000 அடிக்கு போனா நாலுல ஒரு பங்கு காணாம போயிடும், எஞ்சின் பவரும் அதுக்கு தக்கன விழும். அத ஈடுகட்டத்தான் டர்போ. 2020-ல ஸ்கி-டூ கம்பெனி 850 சிசி டூ-ஸ்ட்ரோக்ல ஃபாக்டரிலயே டர்போ வச்சு விட்டப்போ 8,000 அடி வரைக்கும் 165 குதிரை சக்தி குறையாதுன்னுதான் சொல்லி வித்தாங்க.

இன்னொன்னு, நம்ம வண்டில இருக்கற பேப்பர் ஃபில்டர் மாதிரி நிறைய ஸ்னோமொபைல்ல இருக்காது. பனிக்காட்டுல புழுதி ஏது? பேப்பர் வச்சா ஈரத்துல ஊறி ஒரே நாள்ல உறைஞ்சி பலகை ஆயிடும். அதனால மெஷ்ஷு இல்ல ஃபோமு, அதோட சரி. அவங்க தடுக்க பாக்கறது பனித்தூள, மாவாட்டம் இருக்கற அந்த தூள் மேல மூடில இருக்கற ஓட்டைங்கள அப்பிக்குது, கொஞ்சம் உள்ள போய் எஞ்சின் சூட்டுல உருகி திரும்ப மெஷ்ல உறையுது. டர்போ உறிஞ்சிக்கிட்டே இருக்கும், வர்ற வழி அடைஞ்சா பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கி தர்ற காத்தழுத்தம், ஏறாது.

செய்ய வேண்டியது என்னன்னா, வாய அகலப்படுத்தணும், பைப்ப இல்ல. தண்ணி ஒட்டாத துணி மெஷ்ல ப்ரீ-ஃபில்டர் விக்கறாங்க, பெரிய பரப்பளவுல ரெண்டு மூனு பக்கமும் இழுக்கற மாதிரி போட்டா ஒரு பக்கம் அடைஞ்சாலும் இன்னொரு பக்கம் காத்து வரும். காத்து எடுக்கற இடம் ஹேண்டில் பக்கம் உயரமா இருந்தா பனி வந்து விழறதும் கம்மி. அப்புறம் ஏர் பாக்ஸ், அதாவது எஞ்சினுக்கு காத்து போற பொட்டி, அதோட மூடி, ரப்பர் எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாக்கணும், லூசா இருந்தா உள்ள இருக்கற சூடான காத்தையும் சேத்து இழுக்கும். காத்து 10 டிகிரி சூடேறுனா அடர்த்தி மூனு சதவீதத்துக்கு மேல குறைஞ்சிடும்ங்க.

ஃபில்டர கழட்டி எறியறது டூ-ஸ்ட்ரோக்ல ரொம்ப ஆபத்து. இழுக்கற காத்து பிஸ்டனுக்கு கீழ இருக்கற கிரேங்க் கேஸ் வழியாத்தான் மேல போகுது, என்ன குப்பை வந்தாலும் மொதல்ல அடி வாங்கறது கிரேங்க் பேரிங். காத்து மட்டும் கூடி பெட்ரோல் கூடலைனா கலவை லீன் ஆகி பிஸ்டன் தலையில ஓட்டை விழுந்துடும், டர்போ வண்டில இது இன்னும் சீக்கிரம். காத்து இழுக்கற வழிய (இன்டேக்) மாத்துனா டியூனிங்கும் பாக்கணும், அந்த செலவ யாரும் மொதல்ல சொல்ல மாட்டாங்க.

ராத்திரி சூடான ஷெட்ல நிறுத்துனா உள்ள தங்கின பனி உருகி தண்ணியா நிக்கும், காலைல வெளிய எடுத்ததும் அது ஐஸ். நிறுத்தறப்பவே ஏர் பாக்ஸ தொறந்து துடைக்க சொல்லுங்க. ட்ரெய்லர்ல ஏத்தி ரோட்டுல கொண்டு போறப்ப உப்பும் மணலும் அடிக்கும், ஓட்டைங்கள மூடி கொண்டு போகணும். கோடைல சும்மா நிக்கறப்ப எலி வேற உள்ள கூடு கட்டும், அந்த விஷயத்துல கனடாவும் கிருஷ்ணகிரியும் ஒன்னுதான்.

கேள்வி: கிரானைட் குவாரிக்கு போற டர்போ டீசல் பிக்கப் வச்சிருக்கேன். சேலத்துல இருந்து லோடோட வந்தா தொப்பூர் ஏத்தத்துல இழுக்கல, கரும்புகை தள்ளுது. கம்பெனி ஏர் பாக்ஸ எடுத்துட்டு கோன் ஃபில்டர் மாட்டுனா சரியாகுமா?
- வாசகர், பர்கூர்

பதில்: வேணாம்ங்க. பானட்டுக்குள்ள தொறந்தாப்ல கோன் ஃபில்டர் வைக்கறது அடுப்புக்கு பக்கத்துல உக்காந்து விசிறிக்கற மாதிரி, சூட்டு காத்துதான் போகும். சத்தம் நல்லா வரும், அதுல பவர் வந்துட்டாப்ல தோணும்.

ஒரு லிட்டர் டீசல் முழுசா எரியவே சுமார் 10,000 லிட்டர் காத்து வேணும், ஓட்டத்துல அதுக்கும் மேலயே இழுக்கும். குவாரி ரோட்டுல அவ்ளோ காத்துலயும் கல்லு மாவு. கிரானைட்ல இருக்கற குவார்ட்ஸ் இரும்ப விட கடினம், டர்போவோட கம்ப்ரசர் வீலோ அலுமினியம், அது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது. விளிம்ப அரிச்சி தள்ளிடும், அப்புறம் ரிங்கு, லைனர்.

கரும்புகைக்கு நான் மொதல்ல சந்தேகப்படறது இன்டர்கூலர் ஹோஸத்தான், அதாவது டர்போ அமுக்கின காத்த ஆற வைக்கற பொட்டியோட குழாயத்தான். ஏத்தத்துல மிதிக்கறப்ப புஸ்ஸுனு காத்து சத்தம் கேக்குதா? ஹோஸ் மேல எண்ணெய் கசிஞ்ச கறை இருக்கா? கிளாம்ப் லூசா? அங்க பூஸ்ட் வெளிய போனா டீசல் மட்டும் போய் கரும்புகையாத்தான் வரும். அடுத்தது ஃபில்டர், குவாரி வண்டிக்கு கம்பெனி சொன்ன கிலோமீட்டர் எல்லாம் செல்லாது, பாதிலயே மாத்துங்க. ரொம்ப அடைஞ்ச ஃபில்டரோட ஓட்டுனா டர்போ சீல் வழியா ஆயிலையும் உறிஞ்சும். மாத்துறப்ப ஃபில்டருக்கு அப்புறம் வர்ற பைப் உள்ள வெள்ளத்துணி விட்டு துடைச்சி பாருங்க, துணில புழுதி வந்தா எங்கயோ ஓட்டை இருக்கு, ரப்பர் வெடிச்சிருக்கும் இல்ல ஃபில்டர் சரியா உக்காந்திருக்காது. அத கண்டுபிடிக்காம புது டர்போ போட்டா அதுவும் போயிடும்.

கேள்வி: டிராக்டர் ஃபில்டர பங்சர் கடைல ஏர் புடிச்சி சுத்தம் பண்றோம். தப்பா?
- வாசகி, அரூர்

பதில்: பண்ணலாம்மா, ஆனா உள்ள இருந்து வெளிய அடிக்கணும், 30 பிஎஸ்ஐக்கு மேல வேணாம், காத்து குழாய் முனைய கொஞ்சம் தள்ளியே புடிக்க சொல்லுங்க. வெளிய இருந்து அடிச்சா தூசி பேப்பருக்குள்ள போய் குத்திக்கும். டயர்ல தட்டறதும் கூடாது, விளிம்பு நசுங்குனா சீல் போச்சு. அடிச்சி முடிச்சதும் உள்ள பல்ப விட்டு பாருங்க, எங்கயாவது பொட்டு வெளிச்சம் தெரிஞ்சா அன்னைக்கே புதுசு வாங்கிடுங்க. உள்ள சின்னதா ரெண்டாவது ஃபில்டர் இருந்தா அத சுத்தம் பண்ணவே பண்ணாதீங்க, மாத்தத்தான் செய்யணும்.