சர்க்கரை நோய் உள்ள பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் 4 ஏக்கர் நெல், இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறோம். நெல் மூட்டை அடுக்கும் அறைக்குக் காவலாக ஒரு கடுவன் பூனை உண்டு. 10 வயது, ஐந்தரை கிலோ எடை. சர்க்கரை நோய் என்று நான்கு மாதமாக கிளார்ஜின் இன்சுலின் காலை 2 யூனிட், மாலை 2 யூனிட் போடுகிறோம். அதற்கு முன் தோல் அரிப்புக்காக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டு வந்தோம். குட்டியாக இருந்தபோது எல்லாத் தடுப்பூசியும் போட்டது. போன வருடம் மட்டும் வெறிநோய் ஊசி விட்டுப்போனது. இப்போது ஊரில் முகாம் வருகிறது. சர்க்கரை உள்ள பூனைக்குத் தடுப்பூசி ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். தடுப்பூசியால் பூனைக்குப் புற்றுக்கட்டி வரும் என்று மகள் போனில் படித்துவிட்டுப் பயப்படுகிறாள். இன்சுலின் போடும் பிடரியில் பட்டாணி அளவு கட்டி ஒன்றும் தட்டுப்படுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, வெறிநோய்த் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். பிடரியில் மட்டும் போட விடாதீர்கள். முகாமுக்கு முன்பே அந்தக் கட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் மகள் படித்தது பொய்யில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1987ல் பூனைகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசியைக் கட்டாயமாக்கினார்கள். அதன் பிறகு, ஊசி போட்ட இடத்திலேயே ஒருவகைப் புற்றுக்கட்டி வருவது கூடியதை அங்குள்ள நோய்க்குறியியல் நிபுணர்கள் கவனித்து 1991ல் எழுதினார்கள். சார்கோமா என்று அதற்குப் பெயர். கொல்லப்பட்ட கிருமியால் ஆன தடுப்பூசிகளில், உடம்பின் எதிர்ப்பைத் தூண்டுவதற்காக அலுமினிய உப்பு போன்ற ஒரு சேர்மானம் கலந்திருக்கும். அது ஊசி போட்ட இடத்தில் அழற்சியை உண்டாக்கும். சில பூனைகளுக்கு அந்த அழற்சி ஆறாமல் நீடித்துப் புற்றாகிவிடுகிறது. ஊசி போட்ட சில மாதங்களிலும் வரும், பல ஆண்டுகள் கழித்தும் வரும். நாய்க்கும் மாட்டுக்கும் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. பூனையின் உடல்வாகு அப்படி.

எத்தனை பூனைக்கு வருகிறது என்றால், 10,000 முதல் 30,000 தடுப்பூசிக்கு ஒன்று என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எண்ணிக்கையில் குறைவு, வந்துவிட்டால் கொடியது. கட்டி வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே சதைக்குள் விரல் விட்டதுபோல் பரவியிருக்கும். பார்வைக்குத் தெரிவதை மட்டும் வெட்டி எடுத்தால் திரும்ப முளைக்கும்.

இனி தராசின் மறுதட்டைப் பாருங்கள். வெறிநோய் வந்த பூனை பிழைக்காது. அது கடித்தோ பிராண்டியோ மனிதனுக்கு நோய் வந்து அறிகுறி காட்டிவிட்டாலும் அநேகமாகப் பிழைப்பில்லை. உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உங்கள் பூனையோ வீட்டுக்குள் அடைந்து கிடப்பதில்லை. களத்துக்குப் போகிறது, வைக்கோல்போருக்குப் போகிறது, இரவில் தெருநாய்கள் திரியும் வழியில் நடக்கிறது. போதாததற்கு தினம் இரண்டு வேளை ஊசி போட அதைப் பிடிப்பதும் நீங்கள்தான். பல்லும் நகமும் உங்கள் கைக்கு அவ்வளவு பக்கம். இப்படி இருக்கும்போது பல்லாயிரத்தில் ஒன்றுக்குப் பயந்து இந்த ஊசியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. வெளியில் காலே வைக்காத மாடிவீட்டுப் பூனையாக இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருப்பேன்.

சர்க்கரை நோய் இருப்பதால் மட்டும் தடுப்பூசியை நிறுத்த வேண்டியதில்லை. நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பூனை ஒழுங்காகச் சாப்பிட்டு, எடை குறையாமல், முன்போல் தண்ணீரே கதியென்று கிடக்காமல் இருந்தால் போடலாம். வாந்தி, காய்ச்சல், தீனி மறுப்பு, பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்துத் தளர்ந்து நடப்பது என்று ஏதாவது இருந்தால் முதலில் சர்க்கரையை நேராக்கிவிட்டு, அப்புறம் தடுப்பூசி. முகாமை விட்டால் கவலை வேண்டாம், கால்நடை மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம்.

இதிலேயே ஒன்று கேட்க வேண்டும். எந்த சிரிஞ்ச் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கிளார்ஜின் மருந்தில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்ச்தான் பொருந்தும். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் மருந்துக்கு உரியது. அதில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். நம் ஊர் மருந்துக்கடைகளில் இரண்டும் கிடைக்கிறது, கேட்காமல் கொடுத்தும் விடுகிறார்கள். இன்றைக்கே மூடியின் நிறத்தையும் சிரிஞ்சில் அச்சடித்திருப்பதையும் பாருங்கள். சிவப்பாக இருந்தால், அடுத்த வேளை ஊசிக்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நீங்களாக அளவை மாற்ற வேண்டாம்.

ஊசி போடும் இடம் ஏன் முக்கியம் என்பதைச் சொல்கிறேன். பிடரியில் புற்றுக்கட்டி வந்தால் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் நல்ல தசையோடு சேர்த்து எடுக்க வேண்டும். முதுகெலும்பும் தோள்பட்டையும் இருக்கும் அந்த இடத்தில் அது பெரும்பாடு. காலில் வந்தால், காலை எடுத்தாவது பூனையைக் காப்பாற்றலாம். மூன்று காலில் பூனை நன்றாகவே ஓடும், எலியும் பிடிக்கும். அதனால்தான் வெறிநோய் ஊசியை வலது பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, தோலுக்கு அடியில் போடும் வழக்கம் வந்தது. தொடையிலோ இடுப்பிலோ போட்டால் இந்தப் பலன் இல்லை. வாலின் நுனிப்பக்கமாகப் போடுவதும் உண்டு. அங்கே போட்டாலும் எதிர்ப்புச் சக்தி நன்றாக வருகிறது என்று புளோரிடாவில் செய்த ஆய்வு ஒன்று 2014ல் வெளிவந்தது. முகாமில் கூட்டம் நெருக்கும். வரிசையாகப் பிடரியைப் பிடித்துக் குத்திக்கொண்டே போவது அவர்களுக்குச் சுலபம். “டாக்டர், இதற்கு இன்சுலின் போடுகிறோம், பிடரியில் கட்டி வேறு இருக்கிறது, பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே போடுங்கள்” என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள். மறுக்கமாட்டார்கள். கூட்டமில்லாத நாளில் மருத்துவமனைக்கே கொண்டுபோனால் இன்னும் நல்லது. மருந்தின் பெயர், தொகுதி எண், தேதி, எந்தக் கால் என்று அட்டையில் எழுதி வாங்குங்கள்.

பாதி மருந்து போட்டால் ஆபத்து பாதியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆபத்து குறையாது, பாதுகாப்பும் கிடைக்காது.

அன்றைக்குக் காலையில் வழக்கம்போல் தீனி, வழக்கம்போல் இன்சுலின். சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போகாமல், மூடி உள்ள கூடையில் பழந்துணி விரித்துக் கொண்டுபோங்கள். பயந்த பூனைக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறும். அங்கே வைத்து சோதித்து 300 என்று காட்டினால் அதை நம்பி இன்சுலினைக் கூட்டக் கூடாது. வீட்டுக்கு வந்து ஒரு நாள், இரண்டு நாள் உடம்பு லேசாகச் சுட்டு மந்தமாக இருக்கலாம். சர்க்கரைப் பூனையில் நான் பயப்படுவது இந்த இரண்டு நாளுக்குத்தான். தீனி எடுக்காத பூனைக்கு முழு இன்சுலின் போட்டால் சர்க்கரை அடியில் போய்விடும். மாலை தீனியைத் தொடவில்லை என்றால் ஊசி போடுவதற்கு முன் மருத்துவருக்குப் போன் செய்து, எவ்வளவு போடலாம், நிறுத்தலாமா என்று கேளுங்கள். தள்ளாடினாலோ வெட்டி இழுத்தாலோ தேன் அல்லது கருப்பட்டிப் பாகை விரலில் தொட்டு உதட்டோரமாக ஈறில் தடவிவிட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பல்லுக்கு நடுவில் விரலை விடாதீர்கள்.

மற்ற தடுப்பூசிகளை அதே நாளில் சேர்த்துப் போட வேண்டாம். குடல்நோய், சளிநோய்களுக்கான மூன்று நோய் தடுப்பூசி குட்டியில் முறையாகப் போட்டிருந்தால், பெரிய பூனைக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை போதும். அதற்கு உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். அதில் அந்த அலுமினியச் சேர்மானம் இல்லை.

தடுப்பூசியைவிட எனக்கு அதிகம் உறுத்துவது, அரிப்புக்கு நீங்கள் போட்டு வந்த ஊசி. இரண்டு மூன்று மாதம் தாங்குகிறது என்றால் அது பெரும்பாலும் நீண்டநாள் வேலை செய்யும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். அந்த ஊசிதான் பூனைக்குச் சர்க்கரையைக் கொண்டுவரும் காரணங்களில் முக்கியமானது. போட்ட இடத்தில் சார்கோமா வந்த பூனைகளும் உண்டு. பழைய சீட்டை எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதை நிறுத்தி, எடையையும் தீனியையும் சரிசெய்தால், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலைகூட வருகிறது. நோய் தொடங்கி நான்கு மாதம்தான் என்பதால் உங்கள் பூனைக்கு அந்த வாய்ப்பு இன்னும் இருக்கிறது. சோறு, பால், பிஸ்கட்டைக் குறைத்து மீன், கோழி, முட்டை என்று மாற்றலாம். ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், தீனி மாறினால் இன்சுலின் அளவும் மாறும்.

அரிப்புக்குத் தெள்ளுப்பூச்சிதான் காரணமா என்று பார்த்து, கழுத்தில் விடும் பூனைச் சொட்டு மருந்தை வாங்குங்கள். மாட்டுக்கு உண்ணிக்காகக் கலந்து அடிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மருந்துகளைப் பூனைமேல் படவே விடாதீர்கள், அதற்கு அது விஷம். குடற்புழுவுக்கும் புண்ணுக்கும்கூட மாத்திரையில் ஆகும் வைத்தியம் இருந்தால் மாத்திரையே கேளுங்கள். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நாமே மருத்துவரை வற்புறுத்துகிறோம். இந்தப் பூனைக்கு வருடத்தில் 730 முறை இன்சுலின் குத்தியே ஆக வேண்டும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு ஊசிக்கும் காரணம் இருக்க வேண்டும்.

இன்சுலின் ஊசியால் புற்று வரும் என்று பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள். மிகச் சிறிய அளவு மருந்து, அந்தச் சேர்மானமும் கிடையாது. ஆனால் ஒரே இடத்தில் குத்திக் குத்தி தோல் தடித்திருக்கும், அந்தத் தடிப்பில் போட்ட மருந்து சீராக இறங்காது. இனி பிடரியை விட்டுவிட்டு, விலாவின் இரு பக்கமும், அடிவயிற்றுப் பக்கமும் மாற்றி மாற்றிப் போடுங்கள். காலையில் வலம், மாலையில் இடம் என்று வைத்தால் மறக்காது. தடுப்பூசி போட்ட காலில் இன்சுலின் போட வேண்டாம். பிறகு கட்டி வந்தால் எதனால் என்றே தெரியாமல் போகும். புது இடத்தில் மருந்து நன்றாக இறங்கும் என்பதால் முதல் வாரம் சர்க்கரை குறைகிறதா என்று கவனியுங்கள்.

இப்போது அந்தக் கட்டி. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துத் தோலோடு தூக்கிப் பாருங்கள். தோலோடு சேர்ந்து நகர்ந்தால் பெரும்பாலும் ஊசித் தடிப்பு. அடியில் சதையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கல்போல் இருந்தால் தாமதிக்கக் கூடாது. பள்ளிக்கூட ஸ்கேல் வைத்து அளந்து தேதியோடு எழுதுங்கள், வாரம் ஒருமுறை அளங்கள். ஊசி போட்ட இடத்துக் கட்டிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: 3 மாதம் கடந்தும் கரையாமல் இருந்தால், 2 சென்டிமீட்டரைத் தாண்டினால், அல்லது ஊசி போட்டு 1 மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தால், சதைத்துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். உங்கள் பூனைக்குத் தினமும் அதே இடத்தில் ஊசி விழுவதால் மாதக் கணக்கு பிடிபடாது; ஆகவே அங்கே போடுவதை நிறுத்திய நாளிலிருந்து எண்ணுங்கள். பழைய அரிப்பு ஊசியும் பிடரியில்தான் போட்டார்களா என்பதை மட்டும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். போட்டிருந்தால் அவர் காத்திருக்காமல் உடனே சோதிக்கச் சொல்லலாம்.

“சின்னக் கட்டிதானே, கீறி எடுத்துவிடலாம்” என்று யார் சொன்னாலும், சோதனை முடிவு வரும்வரை சம்மதிக்காதீர்கள். இந்தக் கட்டியில் முதல் அறுவைதான் நல்ல வாய்ப்பு. அரைகுறையாக எடுத்துவிட்டால் அடுத்த முறை எல்லை பிடிபடாது. சோதனைக்கு உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். போகும்போது இன்சுலின் பாட்டில், சிரிஞ்ச், பழைய சீட்டுகள், அளவெழுதிய நோட்டு நான்கையும் கூடையோடு எடுத்துப்போங்கள்.