பாடம் ரத்து என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

கேள்வி: கனடாவில் வளர்ந்த தமிழ்ப்பெண் நான். மார்ச் முதல் தென்கொரியாவின் தேகு நகரில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பாடம் ரத்தானாலும் நேரம் மாறினாலும் எனக்குக் கடைசி நிமிடத்தில்தான் தெரிகிறது. கோடை விடுமுறையில் மற்ற ஆசிரியர்கள் வீட்டில் இருப்பார்களாம், நான் மட்டும் தினமும் வந்து உட்கார வேண்டுமாம். மரக்கறி மட்டுமே சாப்பிடுவேன், மது தொடுவதில்லை. அதனால் ஆசிரியர்களின் இரவு விருந்துக்கு இரண்டு தடவை வர முடியாது என்றேன். அதிலிருந்து பேச்சும் குறைந்துவிட்டது. என்னை ஒதுக்குகிறார்களா?

பதில்: விடுமுறை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அதில் யாருடைய மனசுக்கும் சம்பந்தமில்லை, சட்டம்தான் காரணம். அரசுப் பள்ளியின் கொரிய ஆசிரியர்கள் கல்வித்துறை அரசு ஊழியர்கள். அவர்களுக்கான சட்டத்தின் 41ஆம் பிரிவு, பாடம் பாதிக்காத நாட்களில் பள்ளிக்கு வெளியே இருந்து பயிற்சி எடுக்கலாம் என்கிறது. அதன்படி விண்ணப்பித்துவிட்டுத்தான் வீட்டில் இருக்கிறார்கள். நீங்கள் ஒப்பந்தத்தில் வந்தவர் என்பதால் அந்தப் பிரிவு உங்களுக்கு இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள விடுப்பு போக மீதி நாட்களில் மேசைதான். சில பள்ளிகளில் கண்டும் காணாமல் விடுவார்கள். அது சலுகை, சண்டை போட்டு வாங்கக் கூடியதில்லை. கொரிய எழுத்துகளை வாசிக்கப் பழக இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, நான்கைந்து நாட்களில் வந்துவிடும். அடுத்து நான் சொல்வதற்கெல்லாம் அது தேவைப்படும்.

தகவல் வராத பிரச்சினைக்கு வருவோம். கொரியப் பள்ளியில் அறிவிப்புகள் பெரும்பாலும் வாயால் வருவதில்லை. ஆசிரியர்களின் கணினியில் உள்ளக மெசஞ்சர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், பல பள்ளிகளில் அதன் பெயர் கூல் மெசஞ்சர். 'நாளை மூன்றாம் வகுப்புக்குச் சுற்றுலா' என்பது காலையிலேயே அதில் கொரிய மொழியில் வந்திருக்கும், எல்லோரும் பார்த்திருப்பார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் உங்கள் கோ-டீச்சர், அதாவது உங்களோடு சேர்ந்து பாடம் எடுக்கும் கொரிய ஆசிரியர், அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவருக்கோ தன் பாடங்கள், அலுவலக வேலை, பெற்றோர் தொலைபேசி எல்லாவற்றுக்கும் மேல் நீங்கள் ஒரு கூடுதல் பொறுப்பு. பல பள்ளிகளில் யாரும் விரும்பிக் கேட்டு வாங்கும் பொறுப்பும் அல்ல அது. தள்ளிப்போட்டு, மணி அடிக்கும்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஆகவே 'ஏன் முன்னாடியே சொல்லவில்லை' என்று கேட்காதீர்கள். அதுவும் நான்கு பேர் இருக்கும் அறையில் கேட்கவே கேட்காதீர்கள். பெரியவர் முன்னால் அவர் தலைகுனிய நேர்ந்தால் அப்புறம் வருகிற கொஞ்சமும் நின்றுவிடும். உங்கள் கணினியில் அந்த மெசஞ்சர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போட்டுத் தரச் சொல்லுங்கள். வருகிற செய்தியை பப்பாகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டினால் விஷயம் புரிந்துவிடும். ஆண்டு முழுவதுக்குமான பள்ளி நாட்காட்டியையும் வாரத் திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் எல்லாப் பள்ளியிலும் தயாராக இருக்கும், நீங்கள் கேட்பீர்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. வெள்ளி மாலையில் கோ-டீச்சரிடம், 'அடுத்த வாரம் புதன் மூன்றாம் பீரியட் உண்டுதானே?' என்று குறிப்பாகக் கேளுங்கள். 'ஏதாவது மாற்றம் இருக்கிறதா' என்று பொதுவாகக் கேட்டால் 'இல்லை' என்பார், நல்ல மனதோடுதான். இவ்வளவுக்கும் மேல் சில மாற்றங்கள் அன்றைக்குத்தான் தெரியும். அது அவர்களுக்கும் அப்படித்தான்.

சாப்பாடு கொஞ்சம் சிக்கல். பள்ளியின் மாத மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் சிறிய எண்கள் இருக்கும். ஒவ்வாமை எச்சரிக்கைக்காகப் போடுவது, நாடு முழுக்க ஒரே வரிசை. 7 கானாங்கெளுத்தி மீன், 8 நண்டு, 9 இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாடு, 17 கணவாய், 18 சிப்பி வகை. இந்த எண்கள் இருந்தால் தொடாதீர்கள். ஆனால் எண் இல்லாததால் மரக்கறி என்று நம்பிவிடவும் முடியாது, நெத்திலி அந்தப் பட்டியலிலேயே இல்லை. கொரியச் சூப்புகளில் பாதி நெத்திலி வேகவைத்த நீரில்தான் ஆரம்பிக்கும். கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயிலும் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். பள்ளியில் உணவுக்கென்றே பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், அவரிடம் ஒரு தடவை நேரில் போய்ப் பேசுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் இறைச்சியைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சூப்பைத் தருவார்கள். 'மீன், நெத்திலி நீர், இறால் உப்பு, எதுவும் வேண்டாம்' என்று எழுதிக் காட்டுங்கள். ஆசிரியர்களின் மதிய உணவுக்குக் காசு பிடிப்பார்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்திவிடலாம். பிறகு வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் சாப்பிடுவது அவர்களோடு அதே மேசையில் இருக்கட்டும். தனியறையில் சாப்பிட்டால்தான் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

அந்த இரவு விருந்து, ஹ்வேசிக், உங்கள் பேச்சுக் குறைவுக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. முன்பு போல இப்போது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, இளைய ஆசிரியர்களே நழுவுகிறார்கள். ஆனாலும் புதிதாக வந்தவர் முதல் பருவத்தில் ஒரு முறையாவது முகம் காட்ட வேண்டும். முதல் சுற்றுக்கு மட்டும் போங்கள், பாடல் அறைக்கோ காபிக்கோ அவர்கள் கிளம்பும்போது விடைபெறலாம், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். போகும் முன்பு வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டுவிடுங்கள், இறைச்சி சுடும் கடையில் உங்களுக்குச் சோறும் கீரையும் இலையும்தான் மிஞ்சும். சோஜு என்ற கொரிய மது வேண்டாம் என்றால் கண்ணாடிக் கோப்பையைக் காலியாக வைக்காதீர்கள். சில்சுங் சைடர் என்ற இனிப்புச் சோடாவை ஊற்றிக்கொள்ளுங்கள், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் மது கிடையாது. பெரியவர் ஊற்றினால் இரண்டு கையால் வாங்குங்கள், குடிக்கும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரின் கோப்பை காலியானால் நீங்கள் எழுந்து, அதே இரண்டு கையால் ஊற்றுங்கள். நீங்கள் குடிக்காதது அப்புறம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. விருந்தே ஒத்துவராது என்றால் இன்னொரு வழி உண்டு. பல தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் புதன்கிழமை மாலையில் ஆசிரியர்கள் வாலிபால் ஆடுவார்கள். ஆடத் தெரியாவிட்டாலும் ஓரமாக நின்று பந்து பொறுக்கிப் போடுங்கள், ஒரு மணி நேரத்தில் பாதிப் பேரின் பெயர் தெரிந்துவிடும்.

சின்ன விஷயங்கள் சில. உள்ளே போட வேறு செருப்பு, மேசையில் ஒரு பல்துலக்கி: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கைகழுவும் தொட்டியில் வரிசையாக நின்று பல் தேய்ப்பார்கள். பெற்றோர் கொண்டுவருவது ஒரு காபியாக இருந்தாலும் வாங்காதீர்கள், 2016இல் வந்த லஞ்ச ஒழிப்புச் சட்டம் உங்களையும் கட்டும். அப்புறம், பிள்ளைகளின் பெயரைச் சிவப்பு மையில் எழுத வேண்டாம், இறந்தவர் பெயரை எழுதும் நிறம் என்பார்கள். திருத்தத்துக்குச் சிவப்பு பரவாயில்லை, பெயருக்கு மட்டும் வேறு பேனா.